கல்லாவில் ஒரே ஆள், மேசையில் மூன்று குரல்: சவுண்ட் பாக்ஸ், கார்வான், ரேடியோ

கடையைத் தனியாளாக நடத்துகிறவருக்குக் கை இரண்டும் சரக்கில் இருக்கும், கண் இரண்டும் எதிரில் நிற்கிற ஆள் மேல் இருக்கும். சும்மா இருப்பது காது மட்டும்தான். வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் பிட் கிழிக்கிறவர், காசிமேட்டில் மீன் அரிந்து கொடுக்கும் அக்கா, வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் பிசைகிறவர், கொருக்குப்பேட்டையில் பஞ்சர் ஒட்டுகிறவர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் சரி, வேலை நடுவே போனைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கையைத் துடைக்க வேண்டும். துடைத்து, பூட்டைத் திறந்து, பார்த்து, திரும்ப வைக்க அரை நிமிடம் போகும். நாளைக்கு அறுபது பேர் ஜிபே போடும் கடையில் அதற்கே அரை மணி நேரம் கரைகிறது.

அதனால் இந்த மதிப்புரையில் மூன்று சாதனங்களையும் ஒரே அளவுகோலால்தான் அளந்திருக்கிறோம்: திரையைப் பார்க்க வைக்காமல், காதுக்குச் சரியாகச் சொல்கிறதா? பணம் வந்ததைச் சொல்ல சவுண்ட் பாக்ஸ், பாட்டுக்குச் சரிகம கார்வான் தமிழ்ப் பெட்டி, செய்திக்குச் சாதாரண எஃப்.எம். ரேடியோ. தனித்தனியே மூன்றும் நல்ல பொருள்கள். பத்துக்குப் பத்து அடிக் கடையில் மூன்றையும் சேர்த்து வைக்கும்போதுதான் ஒன்றின் குரலை இன்னொன்று விழுங்குகிறது. அதை எப்படிப் பிரித்து வைப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சவுண்ட் பாக்ஸ்

உள்ளே ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர். அவ்வளவுதான் சரக்கு. வாடிக்கையாளர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் போட்டதும், அது யூபிஐ வழியாக வங்கிக்கு வங்கி நகர்கிறது. பணம் சேர்ந்த தகவல் க்யூஆர் கொடுத்த நிறுவனத்தின் சர்வருக்கு வருகிறது. அங்கிருந்து மொபைல் டேட்டா வழியாகப் பெட்டிக்கு வந்து குரலாகிறது. கடைக்காரரின் போனுக்கும் பெட்டிக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தாலும், அணைந்து போனாலும், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆண்ட்ராய்டு அறிவிப்புகளை அடக்கினாலும் பெட்டி பேசும். போன் செயலியே தொகையைச் சத்தமாகச் சொல்லும் வசதியை நம்பி இருப்பவர்கள் பெட்டிக்கு மாற இந்த ஒரு காரணமே போதும்.

பெட்டியின் பலவீனமும் சர்வரிலிருந்து பெட்டிக்கு வரும் அந்தக் கடைசித் தாவலில்தான் இருக்கிறது. எம்.சி. ரோடு மாதிரி நெருக்கமான தெருவில், தகரக் கூரைக்கும் இரும்பு ஷட்டருக்கும் நடுவே, அலமாரியின் அடித்தட்டில் பெட்டியை வைத்தால் சிக்னல் இளைத்துவிடும். பணம் வந்து ஒரு நிமிடம் கழித்துப் பேசும், அல்லது மூன்று பேரின் தொகையைச் சேர்த்து வரிசையாகச் சொல்லும். "அண்ணா போட்டுட்டேன், பாத்துக்கோ" என்று சொன்ன பையன் அதற்குள் தெருமுனை தாண்டியிருப்பான். பெட்டி வாங்கிய அன்றே, கடைக்குள் நாலு இடத்தில் வைத்து ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இடத்தை இரண்டடி மாற்றினாலே வித்தியாசம் தெரியும். 4ஜி இல்லாத பழைய 2ஜி பெட்டியை யாராவது கையிருப்பிலிருந்து எடுத்துத் தந்தால் வாங்க வேண்டாம்.

பெட்டி மௌனமாக இருந்தால் உடனே சிம்மைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, வாடிக்கையாளர் எதற்குப் பணம் போட்டார் என்பதை. பழகியவர்கள் க்யூஆரை ஸ்கேன் செய்யாமல் போன் நம்பருக்குப் போட்டுவிடுவார்கள். அது கடைக்காரரின் சொந்தக் கணக்குக்கு நேராகப் போகும், பெட்டிக்குத் தகவலே வராது. அடுத்தது, மேசையில் இரண்டு நிறுவனங்களின் அட்டைகள் ஒட்டியிருப்பது. எந்த அட்டையையும் எந்தச் செயலியாலும் ஸ்கேன் செய்யலாம் என்பதால் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பெட்டி தன் நிறுவனத்து அட்டைக்கு வந்த பணத்தை மட்டும்தான் சொல்லும். பெட்டி எந்த நிறுவனத்துடையதோ அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடுங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் மட்டும் சிக்னல், சார்ஜ், வாடகை நிலுவை என்று போக வேண்டும். வாடகை நின்றுபோனால் குரல் நிறுத்தப்படலாம், பணம் வருவது நிற்காது. அதனால்தான் பல பேருக்கு அது உடனே புரிவதில்லை.

அவசரத்தில் செய்ய வேண்டியது இது. வாடிக்கையாளர் போனில் பரிவர்த்தனையைத் திறக்கச் சொல்லி 12 இலக்க யூபிஐ எண்ணைப் பார்த்து, நம் செயலியின் பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பச்சை டிக் போட்ட திரையை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது. அசலைப் போலவே திரை காட்டும் போலிச் செயலிகள் நடமாடுகின்றன. நம் பட்டியலில் இல்லாமல் அவர் கணக்கிலிருந்து மட்டும் பணம் போயிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி கடைக்கான யூபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாக அவருக்குத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இதை வாடிக்கையாளரிடம் பொறுமையாகச் சொன்னால் சண்டை வராது. "பெட்டி சொல்லல தம்பி, நம்பர் பாத்துக்கலாம் இரு" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

ஏமாற்றில் இன்னும் இரண்டு வகை உண்டு. இரவில் நம் க்யூஆர் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது ஒன்று. அப்போது பணம் போடுகிறவர் உண்மையாகவே போட்டிருப்பார், பெட்டி பேசாது. அடுத்தடுத்து இரண்டு பேருக்குப் பேசவில்லை என்றால் சிக்னலைப் பார்ப்பதற்கு முன் அட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மற்றொன்று, பெட்டியின் குரலைப் பதிவு செய்து போனில் ஒலிக்க விடுவது. கூட்டத்தில் இது எளிதில் எடுபடும். பெட்டி வாடிக்கையாளர் பக்கம் இல்லாமல் நம் பக்கம் இருந்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காது சொல்லிவிடும். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிட வேண்டும். மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் பணத்தை வழியில் நிறுத்துவது கடினம்.

தமிழ்க் குரல் எப்படி? உச்சரிப்பு தெளிவுதான். சிக்கல் எண்களின் தலையில் இருக்கிறது. "இருநூற்று எண்பது" என்று பெட்டி சொல்லும்போது, பக்கத்தில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்து முதல் இரண்டு எழுத்து போய்விட்டால் காதில் விழுவது "நூற்று எண்பது". எழுநூறும் எண்ணூறும் இன்னும் மோசம். தொகையைச் சொல்வதற்கு முன் ஒரு மணியோசை வரும் பெட்டியாகப் பார்த்து எடுங்கள். அந்த ஓசையில் காது விழித்துக்கொள்ளும், எண் முழுசாகப் பிடிபடும். தீபாவளிக் கூட்டத்தில் எம்.சி. ரோட்டில் எந்தப் பெட்டியும் போதாது. அங்கே தொகையை எண்ணாகவும் காட்டும் சின்னத் திரை வைத்த பெட்டிக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது நியாயம். தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அது தேவையில்லை. கடைசித் தொகையைத் திரும்பச் சொல்ல வைக்கும் பொத்தான் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் ஈரக் கையால் தடவினாலே தெரியும்படி மேடாக.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் பெட்டியைக் கொல்வது உப்பு. சார்ஜ் ஓட்டைக்குள் இருக்கும் செப்புத் தகடு பச்சை பூத்துவிடும், பிறகு கேபிளை ஆட்டி ஆட்டி வைத்தால்தான் ஏறும். சார்ஜ் போடாத நேரத்தில் ரப்பர் மூடி, வாரம் ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷ், இரண்டும் போதும். மீன் தண்ணீர் தெறிக்கும் பலகையிலிருந்து இடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கும் வழக்கம் அங்கே நிறைய. கட்டட்டும், ஆனால் சார்ஜ் ஏறும்போது அவிழ்த்துவிட வேண்டும். சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி உப்பிக்கொள்ளும்.

புதிதாக வாங்கிய இரண்டு பக்கமும் டைப்-சி முனையுள்ள கேபிளில் சில பெட்டிகளுக்குச் சார்ஜே ஏறாது. பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் கேபிளில் மின்சாரம் வர வேண்டுமானால் பெட்டிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், மலிவுப் பெட்டியில் அதை விட்டுவிடுவார்கள். ஒரு முனை பழைய நீள்சதுர யூஎஸ்பியாக இருக்கும் கேபிளில் சாதாரண 5 வோல்ட் அடாப்டர் போட்டால் ஏறிவிடும்.

வாடகை மாதம் நூறு ரூபாயை ஒட்டி இருக்கும். அது நம் கணக்கில் வர வேண்டிய பணத்திலிருந்தோ ஆட்டோபே மூலமோ பிடிக்கப்படும். இலவசம் என்று சொல்லி மாட்டிவிட்டுப் போகும் ஆளிடம், எத்தனை மாதம் இலவசம், பிறகு எவ்வளவு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் எந்தச் செயலியில் எப்படி நிறுத்துவது என்று மூன்றையும் கேட்டு, செயலியிலேயே காட்டச் சொல்ல வேண்டும். பெட்டியை ஒப்படைத்த பிறகும் ஆட்டோபே அனுமதி உயிரோடு இருந்தால் பணம் பிடித்துக்கொண்டே இருக்கும், யூபிஐ செயலியில் போய் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். காசிமேட்டுக் கடைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் சுருங்கும், வாடகை சுருங்காது. வாங்கும்போதே அந்த இரண்டு மாதத்தைச் சேர்த்து வருடக் கணக்காகப் பாருங்கள்.

சாதாரண வங்கிக் கணக்கிலிருந்து வரும் யூபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பது 2020 ஜனவரி முதல் கிடையாது. ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்துப் போடும் பணம் வேறு. சிறு கடைகளுக்கு அதிலும் 2,000 ரூபாய் வரை கமிஷன் இல்லை, அதற்கு மேல் போனால் பிடிப்பு உண்டு. பெரிய தொகை பில் போடும் துணிக்கடை, ஹார்டுவேர் கடைக்காரர்கள் செயலியில் கிரெடிட் கார்டு ஏற்பைத் தெரிந்துதான் திறந்து வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்தத்தில் சவுண்ட் பாக்ஸ் தனியாள் கடைக்கு மிகத் தேவையான பொருள். மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

கார்வான் தமிழ்

பழைய ரேடியோ போலவே தோற்றம், உள்ளே 5,000 தமிழ்ப் பாட்டுகள். ஹெச்.எம்.வி. என்ற பெயரில் நாயும் கிராமபோனும் போட்ட தட்டு வெளியிட்டதே, அந்தக் கிராமபோன் கம்பெனியின் இன்றைய பெயர்தான் சரிகம. கார்வானை அவர்கள் 2017இல் கொண்டுவந்தார்கள். டி.எம்.எஸ்., சுசீலா, எம்.எஸ்.வி. என்று ஆளைத் தேர்ந்து குமிழைத் திருகினால் பாட்டு வரும். டேட்டா வேண்டாம், விளம்பரம் இல்லை, பாட்டு நடுவே அழைப்பு வந்து அறுக்காது. ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் 333 மணி நேரம். தினம் பத்து மணி நேரம் கடை திறந்திருந்தாலும் ஒரு மாதம் திரும்ப வராமல் ஓடும்.

காதுக்குச் சொல்லும் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். எண்ணெய்க் கையோ மாவுக் கையோ, புறங்கையால் குமிழைத் திருகலாம். திரையைத் தொட வேண்டியதே இல்லை. போனில் பாட்டு வைக்கும் கடைக்காரர் நாளுக்கு எத்தனை தடவை "அடுத்த பாட்டு" என்று திரையைத் தொடுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் கார்வானின் அருமை தெரியும். கடைக்கு வந்து நிற்கும் ஐம்பது வயதுக்காரர் பாட்டைக் கேட்டு இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பார். அதுவும் வியாபாரத்துக்கு நல்லதுதான்.

குறைகளைச் சொல்ல வேண்டும். பேட்டரி சுமார் ஐந்து மணி நேரம்தான் என்பதால் முழு நாள் கடைக்குப் போதாது. காலையில் பேட்டரியில் ஓடவிட்டு, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் சார்ஜ் போடுவது பேட்டரிக்கும் நல்லது. பெரிய குறை, உள்ளே இருப்பது ஒரு நிறுவனத்தின் உரிமையில் உள்ள பாட்டுகள் மட்டும் என்பது. பாட்டுகளைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. பழைய சினிமாப் பாட்டு நிறைந்திருக்கும் இந்தப் பெட்டியில் வடசென்னையின் சொந்த இசை இல்லை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானா, டோலக்கும் டேப் மேளமும் தட்டி தெருமுனையில் பிறந்த பாட்டு, எதுவும் இதில் கிடைக்காது. புளியந்தோப்பிலோ மூலக்கொத்தளத்திலோ கடை வைத்திருப்பவருக்கு அது சின்னக் குறை அல்ல. நம்ம ஏரியாப் பிள்ளைகள் பாடியதை நம்ம கடையில் வைக்க முடியாத பெட்டி, எவ்வளவு நன்றாகப் பாடினாலும், பாதிப் பெட்டிதான்.

வழி உண்டு. கார்வானில் புளூடூத்தும் யூஎஸ்பியும் இருக்கின்றன. கானா பாடுகிறவர்கள் பலர் தாங்களே யூடியூபில் ஏற்றுகிறார்கள். கூட்டம் இல்லாத மாலையில் போனிலிருந்து புளூடூத்தில் வைத்தால் பார்வை எண்ணிக்கை அவர்கள் கணக்கில் சேரும். அவர்கள் பாட்டைத் திருடி பென்டிரைவில் ஏற்றிக் கேட்பதைவிட இது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சொந்தமாக வாங்கிய சிடியிலிருந்து பென்டிரைவுக்கு ஏற்றுகிறவர்கள் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். பென்டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும், என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் பல பாட்டுப் பெட்டிகள் படிக்காது. எம்பி3யாக 128 கேபிபிஎஸ் வைத்தால் நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு எம்பிக்குள் அடங்கும். கடை ஸ்பீக்கருக்கு அது போதும், 16 ஜிபியில் சுமார் நாலாயிரம் பாட்டு போகும். மலிவான பெட்டிகள் பாட்டைப் பெயர் வரிசையில் பாடாது, பென்டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில்தான் பாடும். 01, 02 என்று பெயருக்கு முன் எண் போட்டாலும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள், பென்டிரைவைக் காலி செய்து, விரும்பும் வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றினால் சரியாகிவிடும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வாடிக்கையாளர் காதில் விழக் கடையில் இசை ஒலிக்க உரிமம் வேண்டும். ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற அமைப்புகள் அதைத் தருகின்றன. பெட்டியை விலை கொடுத்து வாங்கியதால் அந்த உரிமமும் சேர்ந்து வந்துவிடாது. உட்கார இடம் வைத்த டிபன் கடை, சலூன் நடத்துகிறவர்கள் இதை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

செய்திக்கு ரேடியோ

கார்வானிலேயே எஃப்.எம். இருக்கும்போது தனி ரேடியோ எதற்கு என்று கேட்கலாம். மழைக்காக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, மொபைல் சிக்னலும் போனது. அப்போது உதவுவது கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் செல் இரண்டு போடும் ரேடியோ. சார்ஜ் போடும் வகை வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா, இன்றைக்குக் கடை திறக்கலாமா, கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்தால்தான் மறுநாளைக்குச் சரக்கு எடுக்கலாம்.

செய்தி வேண்டுமென்றால் ஆகாஷ்வாணிக்குத்தான், அதாவது அகில இந்திய வானொலிக்குத்தான் போக வேண்டும். தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தச் செய்தி வாசிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை, ஆகாஷ்வாணியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. அதனால் தனியார் அலைவரிசையில் முள்ளை வைத்துக்கொண்டு செய்திக்காகக் காத்திருப்பது நேர விரயம். 101.4இல் ஆகாஷ்வாணியின் ரெயின்போ அலைவரிசையைக் கண்டுபிடித்து, டயலில் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். நாட்டிலேயே எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியது இந்தச் சென்னையில்தான், 1977இல்.

தனியாள் கடைக்குச் செய்தி ஏன் பணத்தைப் போலவே முக்கியம் என்பதற்கு 2025ஆம் ஆண்டையே பார்க்கலாம். ஏப்ரலில், 2,000 ரூபாய்க்கு மேல் யூபிஐ போட்டால் ஜிஎஸ்டி என்று வாட்ஸ்அப்பில் பரவியது. அப்படி எந்த யோசனையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் மறுத்தது. ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது, பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டன. இரண்டையும் அரைகுறையாகக் கேட்டால் ஒரே செய்தி போலத்தான் இருக்கும். முதலாவது பொய், இரண்டாவது நடந்தது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும், சேவை செய்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நாள்கணக்கில் பிரித்தால் பொருளுக்குச் சுமார் 10,960 ரூபாய், சேவைக்குச் சுமார் 5,480 ரூபாய். தையல்காரரும் மெக்கானிக்கும் இந்த இரண்டாவது எண்ணை மனதில் வைத்திருக்க வேண்டும். பச்சை மீனுக்கு வரி இல்லை, அதை மட்டும் விற்பவருக்குப் பதிவுத் தேவையும் இல்லை. இதெல்லாம் முழுசாகக் காதில் விழ, நாளுக்கு ஒரு செய்தியறிக்கை போதும்.

மூன்றையும் சேர்த்து வைப்பது

பெரும்பாலான கடைகளில் மூன்றும் கல்லா மேல் வரிசையாக நிற்கின்றன. அது தவறு. சவுண்ட் பாக்ஸ் காதிலிருந்து இரண்டடியில், காது உயரத்தில், நம் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பாட்டுப் பெட்டி எட்டடி தள்ளி, எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபெல் குறையும். இரண்டடிக்கும் எட்டடிக்கும் நடுவே 12 டெசிபெல் வித்தியாசம். சின்னக் கடையில் சுவர் எதிரொலியால் அத்தனை கிடைக்காது, ஆனால் பாதி கிடைத்தாலே "இருநூற்று" முழுசாக விழும். துணித் தான்கள் அடுக்கிய கடையில் எதிரொலி குறைவு, அங்கே பலன் அதிகம். டைல்ஸ் ஒட்டிய சலூனில் குறைவு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய சவுண்ட் பாக்ஸ்கள் 2ஜி அலைக்கு இறங்கும்போது பக்கத்து ஸ்பீக்கரில் "டிர்ர் டிர்ர்" என்று ஓர் இரைச்சல் வரும். மூன்றடி தள்ளி வைத்தால் போய்விடும். ரேடியோவில் இடைவிடாத உறுமல் கேட்டால் குற்றவாளி பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மலிவு அடாப்டரோ எல்.இ.டி. பல்போதான். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எதை அணைக்கும்போது உறுமல் நிற்கிறதோ அதை மாற்றுங்கள்.

கூட்ட நேரத்தில் பாட்டை நிறுத்த மனம் வராது. நிறுத்தவும் வேண்டாம், குரல் இல்லாத இசைக்கு மாறுங்கள். மனிதக் குரலை மறைப்பதில் இன்னொரு மனிதக் குரலுக்கு ஈடில்லை. டி.எம்.எஸ். பாடும்போது பெட்டி சொல்லும் தொகை போய்விடும், அதே சத்தத்தில் நாதஸ்வரமோ வீணையோ இருந்தால் எண் தனியாகத் தெரியும். மாலை ஆறு முதல் எட்டு வரை இப்படி வைத்து, பிறகு கானாவுக்குப் போகலாம். சத்தத்துக்கு ஒரு வரம்பும் இருக்கிறது: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 55 என்று வகுத்திருக்கின்றன. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் இருக்கும் தங்கசாலை, ஏழுகிணறு வீடுகளில் இந்த இரண்டாவது எண்ணை மதித்தே ஆக வேண்டும்.

வாரம் ஒரு கால் மணி நேரம் இந்த மூன்றுக்கும் ஒதுக்கினால் போதும், கூட்டம் குறைந்த செவ்வாய் காலை வசதி. செயலியில் ஏழு நாள் வரவைக் கூட்டி, நோட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் முதலில் போன் நம்பருக்கு வந்த பணத்தைச் சொந்தக் கணக்கில் தேடுங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும். ரேடியோ செல்லின் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழசும் புதுசும் கலந்தால் பழசு கசியும். பிறகு வீட்டில் இருப்பவர் போனால் க்யூஆரை ஸ்கேன் செய்து, திரையில் கடைப் பெயர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். நம் போனாலேயே செய்தால் அதே கணக்கிலிருந்து அதே கணக்குக்குப் பணம் போகாது. பெயர் சரி என்றால் ஒரு ரூபாய் போட்டுவிட்டு, பாட்டையும் வழக்கமான சத்தத்தில் ஓடவிட்டு, மனதுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். ஐந்துக்குள் குரல் வந்து, "ஒரு ரூபாய்" என்பது முழுசாகக் காதில் விழுந்தால் பெட்டி இருக்கும் இடம் சரி. பத்தைத் தாண்டினால் வாசல் பக்கம் ஒரு முழம் நகர்த்தி, மறுபடி ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள்.